கட்டடத்தின் ஞாபகம் யார் வசம்?

2017-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், லண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் கிரென்ஃபெல் டவர் என்னும் 24 மாடிக் குடியிருப்பின் நான்காவது மாடி வீடொன்றில் குளிர்பதனப் பெட்டியருகே மூண்ட நெருப்பு, கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சில காலம் முன்புதான் வெளிச்சுவர் முழுவதும் பொருத்தப்பட்டிருந்த, நடுவே பாலிஎத்திலீன் அடைத்த அலுமினியத் தகடுகளைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறி, 72 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்த விபரீதத்துக்குக் காரணங்கள் பல. தகடு செய்தவர்களின் நேர்மையின்மை, பரிசோதித்தவர்களின் அலட்சியம், அரசாங்கத்தின் மெத்தனம் என்று அவற்றையெல்லாம் 2024 செப்டம்பரில் வெளியான விசாரணைக் கமிஷனின் இறுதி அறிக்கை விஸ்தாரமாக எடுத்துரைத்திருக்கிறது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அவ்வளவாகப் பேசப்படாத வேறொரு விஷயம். தீயணைப்புப் படையினர் வந்து சேர்ந்தபோது அந்தக் கட்டடத்தின் உள்ளமைப்பைக் காட்டும் வரைபடம் அவர்கள் கையில் இல்லை. வெகுநேரம் கழித்தே அது கிட்டியது.

விபத்துக்குப் பின் கட்டட விதிகளை ஆராய நியமிக்கப்பட்ட ஜூடித் ஹாக்கிட் என்னும் எஞ்சினீயர் அம்மையார், 2018 மே மாதத்தில் சமர்ப்பித்த அறிக்கையில், உயரமான குடியிருப்புகளைப் பற்றிய தகவல் யாவும், வரையத் தொடங்கிய நாள் முதல் மக்கள் குடியிருக்கும் காலம் முழுவதும், அறுபடாத ஒரு பொன்னிழையாகத் தொடர்ந்து வரவேண்டும் என்று சிபாரிசு செய்தார்; 2022-இல் இயற்றப்பட்ட கட்டடப் பாதுகாப்புச் சட்டம், 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ கொண்ட குடியிருப்புகளுக்கு அதைக் கடமையாகவே ஆக்கிவிட்டது. தகவல் கணினியில் இருக்க வேண்டும், பத்திரமாக இருக்க வேண்டும், வேண்டியவருக்கு வேண்டியபோது கிடைக்க வேண்டும் என்று சொன்ன சட்டம், அதைக் கோப்புகளாக வைப்பதா, கதவு, சுவர் என்று பொருள் பொருளாக வைப்பதா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சட்டம் மௌனம் சாதித்த அந்த இடத்தில்தான், கட்டட வடிவமைப்பு மென்பொருள் உலகில் பல பத்தாண்டுகளாகத் தீராமல் நடந்துவரும் ஒரு வழக்கு குடியிருக்கிறது. துறைக்குள் இருப்பவர்கள் அதைத் தங்கள் உள்விவகாரமாகவே பாவித்து வருகிறார்கள். கட்டடத்துக்குச் சொந்தக்காரனும் அதில் குடியிருப்பவனும் தலையிட்டுப் பேசவேண்டிய வழக்கு அது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கோப்பின் கட்சியைப் பார்ப்போம். 1982-இல் அமெரிக்காவில் தோன்றிய ஆட்டோடெஸ்க் கம்பெனி அவ்வருஷ இறுதியில் ஆட்டோகேட் என்னும் மென்பொருளை அரங்கேற்றியபோது, வரைபலகையும் டீ-ஸ்கொயரும் மறைந்தனவே தவிர, அவற்றோடு வளர்ந்த பழக்கம் மறையவில்லை. தாள் இருந்த இடத்தில் கோப்பு வந்தது. ஒரு தாளுக்கு ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு ரிவிஷன் எண் என்பது ஒரு கோப்புக்கு அவ்வாறே என்று ஆயிற்று. அந்தக் கோப்பில் கதவு என்பது இரண்டு கோடுகளும் ஒரு வில்வளைவும். பார்க்கும் மனிதனுக்கு அது கதவு, கணினிக்கோ வெறும் கோடு. அதே கதவு முகப்புத் தோற்றத்தில் வேறு கோடுகளாகவும், கதவுப் பட்டியலில் ஒரு வரியாகவும், தீயை எத்தனை நிமிஷம் தாங்கும் என்று உற்பத்தியாளர் தந்த சான்றிதழில் இன்னொரு கோப்பாகவும் சிதறிக் கிடக்க, இவை யாவும் ஒரே கதவைக் குறிக்கின்றன என்பதற்கு ஆதாரம், வரைந்தவர் கைப்பட எழுதிய 'டி-14' போன்ற ஒரு குறிப்பு மட்டுமே. ஓரிடத்தில் அந்தக் குறிப்பு மாறி மற்றோரிடத்தில் மாறாவிட்டால், கணினியின் பார்வையில் இரண்டும் சரிதான்.

இந்தக் குறையைக் கண்டவர்கள் ஆட்டோகேட் பிறப்பதற்கு வெகு முன்பே இருந்தார்கள். 1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் மென்பொருள், மூல வடிவம் ஒன்றை வைத்துக்கொண்டு அதன் பிரதிகளைப் படமெங்கும் இறைக்கவும், மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் எல்லாம் தாமே திருந்தவும் வழி செய்திருந்தது. 1975-இல், பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஈஸ்ட்மன், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கத்தின் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரையில், வரைபடம் என்பதையே மூல ஆவணமாகக் கொள்ளாமல், சுவர், உத்திரம், கதவு ஆகிய உறுப்புகளின் விவரணையைக் கணினியில் வைத்து, தேவையான படங்களை அதிலிருந்து இயந்திரமே உருவித் தரும்படி செய்யலாம் என்று வாதித்தார். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்த ஆர்க்கிகேட் என்னும் மென்பொருள், இந்தக் கொள்கையை எண்பதுகளிலேயே கடைச்சரக்காக்கியது, 2000-இல் வெளிவந்த ரெவிட் அதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோயிற்று, 2002-இல் 13.3 கோடி டாலர் கொடுத்து ரெவிட்டை வாங்கிக்கொண்டது, கோட்டையும் வளைவையும் விற்றுச் செழித்த அதே ஆட்டோடெஸ்க்தான்.

அப்படியானால் வழக்கு தீர்ந்துவிட்டதல்லவா என்று வாசகர் கேட்கலாம். தீரவில்லை, பாதி ஜெயித்த கட்சி மீதியைக் கேட்க மறந்துவிட்டது என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் விநோதம். ரெவிட்டுக்குள் கதவு கதவாகவே இருக்கிறது. தான் எந்தச் சுவரில் நிற்கிறோம், எந்த அறைக்குத் திறக்கிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் மாலையில் வேலை முடிந்து சேமிக்கும்போது, அந்தக் கதவும் அதனுடன் ஆயிரமாயிரம் சகோதரப் பொருள்களும் ஒரே பெருங்கோப்பாகக் கட்டிப் பூட்டப்படுகின்றன. ஒரு கதவைப் பார்க்க விரும்புகிறவர் நூற்றுக்கணக்கான மெகாபைட் கொண்ட மூட்டை முழுவதையும் அவிழ்க்க வேண்டும். அதற்கு அந்த மென்பொருளின் உரிமமும், பெரும்பாலும் அதே வருஷத்துப் பதிப்பும் வேண்டும். பத்துப் பேர் ஒரே மாடலில் வேலை செய்தால், மத்தியக் கோப்பு ஒன்றும் ஒவ்வொருவருக்கும் ஓர் உள்ளூர்ப் பிரதியும் வைத்துக்கொண்டு, அவ்வப்போது 'சிங்க்' செய்து, ஒருவர் கைவைத்த சுவரில் மற்றவர் கைவைக்காமல் தவணை பேசிக்கொள்ள வேண்டும்.

ஓர் அலுவலகத்துக்குள்ளாவது இவ்வளவு ஒழுங்கு சாத்தியம். அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையில் நடப்பதைப் பார்த்தால்தான் கோப்புவழி முறையின் உண்மையான விலை தெரியும். கட்டடக் கலைஞருக்கு ஒரு மாடல், கட்டுமான எஞ்சினீயருக்கு ஒன்று, குழாயும் மின்கம்பியும் குளிர்காற்றும் வகுப்பவருக்கு இன்னொன்று என்று தனித்தனியே இருக்க, வாரம் ஒருமுறையோ இருவாரத்துக்கு ஒருமுறையோ குறித்த நாளில் அவை பரஸ்பரம் அனுப்பிக்கொள்ளப்படுகின்றன. செவ்வாய்க்கிழமை எஞ்சினீயர் ஒரு தூணை 150 மில்லிமீட்டர் நகர்த்தினால், வெள்ளிக்கிழமை வரை குழாய்க்காரருக்கு அது பழைய இடத்திலேயே நிற்கிறது; அந்த மூன்று நாளும் அவர் இல்லாத தூணை மதித்து, இருக்கும் தூணுக்குள் குழாயை விடுகிறார். பிறகு எல்லா மாடல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 'கிளாஷ்' கண்டுபிடிக்கும் மென்பொருளை ஓட்டினால், ஆயிரக்கணக்கில் மோதல்கள் பட்டியலாக வந்து விழுகின்றன. அவற்றுள் கணிசமானவை வடிவமைப்பின் பிழைகளே அல்ல, தகவல் தாமதமாய் வந்ததன் பிழைகள். அவற்றைச் சலித்தெடுக்க ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு குறிப்பேடு, குறிப்பேட்டுக்கு ஒரு கோப்பு!

அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்பக் கழகம் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மென்பொருள்களுக்கிடையே தகவல் சரிவரச் செல்லாத ஒரே காரணத்தால் அந்நாட்டின் பெருங்கட்டட, ஆலைத் தொழில்களுக்கு ஆண்டொன்றுக்கு 1,580 கோடி டாலர் வீணாகிறது என்று கணக்கிட்டது. தொகையைக் காட்டிலும் அது யார் தலையில் விழுகிறது என்பதையே கவனிக்க வேண்டும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, வரைந்தவர் மீதோ கட்டியவர் மீதோ விழாமல், கட்டடத்தை வாங்கி நடத்துகிறவர் மீது விழுந்தது. வலி ஒருவருக்கும் மருந்து வாங்கும் பொறுப்பு வேறொருவருக்குமாக இருக்கும் இடத்தில் வியாதி நீடிப்பதில் ஆச்சரியம் இல்லை.

இதற்குப் பரிகாரமாகச் சர்வதேச அளவில் வகுக்கப்பட்ட பொதுமொழிதான் ஐஎஃப்சி. 1997-இல் முதல் பதிப்பு வெளிவந்து, 2013-இல் ஐஎஸ்ஓ 16739 என்ற முத்திரை பெற்ற இந்த மொழியில், ஒவ்வொரு பொருளுக்கும் உலகில் வேறெதற்கும் வராத 22 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. எந்தக் கம்பெனியின் மென்பொருளும் படிக்கலாம், எவருக்கும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஆனாலும் நடைமுறையில் ஐஎஃப்சி பயணம் செய்வது ஒரு கோப்பாகத்தான். பொருள்களின் மொழியையும் கோப்பில் அடைத்தே அனுப்புகிறோம்.

முழுமையான பொருள்வழி முறை என்பது, ஒவ்வொரு கதவும் தூணும் குழாயும் தரவுத்தளத்தில் தனித்தனியே வாழ்ந்து, தன்னை யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்ற சரித்திரத்தைத் தானே சுமப்பது. நம்மவருக்கு இது புதிதல்ல. நிலம் விஷயத்தில் பத்திரம் என்பது ஒரு நாளில் இருவருக்கிடையே நடந்த ஒரு காரியத்தின் சாட்சி. ரிஜிஸ்தர் ஆனபின் அதில் ஓர் எழுத்தும் மாறாது. ஆயினும் ஒரு மனையின் இன்றைய யோக்கியதை என்ன என்று அறிய விரும்புகிறவர், சார்பதிவாளர் அலுவலகத்திலுள்ள பத்திரங்களை எல்லாம் புரட்டிக்கொண்டிராமல், சர்வே எண்ணைச் சொல்லி வில்லங்கச் சான்று கேட்கிறார். மனை இரண்டாகப் பிரிந்தால் எண்ணும் உட்பிரிவாகிறது. 112 என்பது 112/1, 112/2 என்றாகும்போது தாயெண்ணை இரண்டும் விடாமல் சுமக்கின்றன. கோப்பு பத்திரம்; பொருளின் அடையாளம் சர்வே எண். கோப்பைத் தலைமுழுகிவிடலாம் என்று உற்சாகமாகப் பேசும் மென்பொருள் வியாபாரிகளும், கோப்பே போதும் என்று பிடிவாதம் பிடிக்கும் பழைய அலுவலகங்களும், இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு நிலம் வாங்கச் சம்மதிப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இங்கிலாந்தின் புதிய விதிகளையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த தீப்பாதுகாப்பு விதிகளின்படி, 11 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் பொது வழிகளிலுள்ள தீத்தடுப்புக் கதவுகளை மூன்று மாதத்துக்கொரு முறையும், வீடுகளின் வாசற்கதவுகளை ஆண்டுக்கொரு முறையும் சோதிக்க வேண்டும். கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா, கீல் மாற்றப்பட்டதா, மாற்றியது எப்போது என்ற கேள்விகள் ஒவ்வொரு கதவையும் பற்றித் தனித்தனியே எழுகின்றன. சட்டம் கதவைப் பற்றிக் கேட்கிறது. கோப்போ தாளைப் பற்றி மட்டுமே பதில் சொல்லக் கற்றது. ஆகவே தகவலைப் பொருள்வழியே வைப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம், அதை நடைமுறைப்படுத்துவோர் இரண்டு விஷயங்களை உணர்ந்திருக்கிறார்களா என்பதைப் பற்றியதே.

அவற்றுள் முதலாவது பொறுப்பு. கோப்புக்கு ஒரு மகத்தான குணம் உண்டு: அதில் கையெழுத்துப் போடலாம். இன்ன தேதியில், இன்ன நிலையில் இருந்த இந்த முப்பது தாள்களுக்கு நான் ஜவாப்தாரி என்று ஓர் எஞ்சினீயர் சொல்வதில் கோர்ட்டுக்கும் காண்ட்ராக்டருக்கும் புரியாதது ஒன்றுமில்லை. 2018-இல் வெளியான ஐஎஸ்ஓ 19650 தரமும் இந்த ஞானத்தின் மேல்தான் நிற்கிறது. தகவலை வேலையில் இருப்பது, பகிர்ந்துகொண்டது, வெளியிட்டது, காப்பகத்துக்குச் சென்றது என நான்கு நிலைகளாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வாசலில் ஒருவரை நிறுத்திவைக்கிறது. பொருள்கள் தனித்தனியே, நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும் உலகில் இந்த வாசல் எங்கே இருக்கும்? ஓர் உத்திரத்தின் கணக்கு அந்த உத்திரத்தோடு முடிவதில்லை. அதைத் தாங்கும் தூண்கள், மேலே வரும் தளம், அடுத்த அறையில் நகர்ந்த சுவர் எல்லாம் சேர்ந்தே அதைச் சரியென்றோ தவறென்றோ ஆக்குகின்றன. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே 'அங்கீகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி, அங்கீகரிக்கப்பட்ட பொருள்களின் கூட்டம் அங்கீகரிக்கப்பட்ட கட்டடம் என்று கொள்வது ஆபத்தான மயக்கம். அது மட்டுமன்று, சாதாரணத் தரவுத்தளங்கள் கணநேரத்தில் முடியும் காரியங்களுக்காக உண்டானவை, வடிவமைப்பாளர் மனத்தில் நடக்கும் மாற்றமோ வாரக்கணக்கில் நீண்டு, நடுவில் தனக்குத்தானே முரண்பட்டு, சில வேளை கைவிடவும் படுவது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரு குறித்த கணத்தில் எல்லாப் பொருள்களும் இருந்த நிலையை அப்படியே உறையவைத்து, அந்த முழுமையின் மீது கையெழுத்து வாங்கி, பிறகு எவரும் தொடமுடியாதபடி பூட்டிவைத்தால் போதும். கோப்பின் நற்குணம் பொருளுக்கும் வந்துவிடும்.

இரண்டாவது அடையாளத்தின் தொடர்ச்சி. இதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார்கள். எனக்கோ இதுவே முழு விவகாரத்தின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. மாடல் வரைகிறவர், ஒரு சுவரைத் திருத்துவதைவிட அழித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக வரைவது சுலபம் என்று கண்டால் அப்படியே செய்கிறார். கண்ணுக்கு அதே சுவர். தரவுத்தளத்துக்கோ முந்தாநாள் இறந்த ஒன்றும் இன்று பிறந்த ஒன்றும். பழைய சுவரோடு கட்டியிருந்த சோதனைக் குறிப்பும் சான்றிதழும் அநாதையாகின்றன. ஒரு சுவர் இரண்டாகப் பிளந்தால் பழைய அடையாளத்துக்கு வாரிசு எது என்பதில், உட்பிரிவு எண்போல எல்லோரும் ஒப்புக்கொண்ட நியமம் கட்டட மென்பொருள்களிடையே இல்லை. ஒரு மென்பொருளிலிருந்து ஐஎஃப்சி வழியாக மற்றொன்றுக்குப் போய்த் திரும்பிவரும் பொருள், சில சமயம் தன் குணங்களை இழந்து, இன்னதென்று சொல்லத் தெரியாத வெறும் வடிவமாக வந்து நிற்கிறது. இந்த நிலையை வைத்துக்கொண்டு பொன்னிழை என்று பேசுவது சற்று அதிகம்தான்.

இவை இரண்டும் அறிவாலும் உழைப்பாலும் தீரக்கூடியவை. அப்படித் தீராதது சொத்துரிமை. கோப்பு எவ்வளவு மூடத்தனமானதாயினும் அது நம் மேஜை இழுப்பறையில் இருந்தது. ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பு ஒரு கம்பெனியின் இரகசிய வடிவமாக இருந்தும், கோப்பு கையில் இருந்த காரணத்தாலேயே மற்றவர்கள் அதை ஆராய்ந்து திறக்க வழி கண்டார்கள். அந்த நோக்கத்துக்காகவே 1998-இல் ஒரு கூட்டணி உருவாகி இன்றும் நடக்கிறது. பொருள்கள் எல்லாம் மென்பொருள் கம்பெனியின் கிளவுட் சர்வரில் வாழும் நாளில், எதைக் கையில் எடுத்து ஆராய்வது? சந்தா கட்டியவரை கதவு திறக்கும். கட்டத் தவறினால் ஒரு கட்டடத்தின் ஞாபகமே பூட்டிக்கொள்ளும். 2020-இல் பிரிட்டனைச் சேர்ந்த கட்டடக் கலை நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்து, ரெவிட்டின் விலை ஏறுகிறது, வளர்ச்சி ஏறவில்லை என்று ஆட்டோடெஸ்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியபோது, அது விலையைப் பற்றிய முறையீடாகவே பலருக்குப் பட்டது. எனக்கு அதில் வேறொரு பயத்தின் தொனியும் கேட்டது: தம் உழைப்பு யாரோ ஒருவரின் பெட்டிக்குள் இருக்கிறது என்ற பயம். கட்டடம் அறுபது, எழுபது வருஷம் நிற்கும். சந்தா ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது.

சிங்கப்பூர் அரசு இதில் ஓரளவு முன்யோசனையோடு நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் தொடங்கிய கோர்நெட் எக்ஸ் என்னும் கட்டட அனுமதி ஏற்பாட்டில், எந்தக் கம்பெனியின் கோப்பையும் கேட்காமல், ஐஎஃப்சி மொழியில் தன் விதிகளுக்கு வேண்டிய விவரங்களைச் சேர்த்துத் தரச் சொல்கிறது. அனுமதி வழங்கும் அதிகாரி திறந்த மொழியில் கேட்டால், விற்கிறவரும் திறந்த மொழியில் பேசக் கற்றுக்கொள்வார். மற்ற தேசங்களின் அரசாங்கங்களுக்கும், அரசாங்கம் செய்யாத இடங்களில் பணம் போட்டுக் கட்டடம் எழுப்புகிறவர்களுக்கும் இந்தச் சாமர்த்தியம் வேண்டும். சாவி பெறும் நாளில் வரைபடக் கட்டோடு திருப்திப்படாமல், எல்லாப் பொருள்களும் தத்தம் அடையாளத்தோடும் சரித்திரத்தோடும், எந்தக் கம்பெனியின் தயவும் இன்றிப் படிக்கக்கூடிய வடிவில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும், கட்டும் காலத்தில் அடையாளங்களைக் காரணமின்றி மாற்றலாகாது என்றும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

எழுதினால் மட்டும் போதாது, அதற்கு உரிய விலையையும் தரவேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எழும்பும் கட்டடங்களுக்கு மாடல் வரைந்து கொடுக்கும் அலுவலகங்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நிறைய உண்டு. நம் பிள்ளைகள் பல ஆயிரம் மைல் தள்ளி நிற்கப்போகும் சுவர்களை இரவு பகலாக வரைகிறார்கள். தாளுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, அடுத்த ரிவிஷனை நாளைக் காலைக்குள் அனுப்பு என்று கேட்கும் ஒப்பந்தம் ஒன்றின் கடைக்கோடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையன், பழைய சுவரை அழித்துப் புதிதாக வரைந்தால் அரைமணி மிச்சம் என்று கண்டு அப்படியே வரைகிறான். அந்த அரைமணிக்குக் கூலி தர ஆள் இல்லாதபோது, அடையாளம் அறுந்துபோயிற்றே என்று அவனைக் கேட்பதில் நியாயம் இல்லை.